ராமநாதபுரத்தில் இருந்தபடி வேலை தேடினால்: வேலைவாய்ப்பு அலுவலகம், தனியார்துறை வேலை இணையம், முகாம் பற்றி என் மதிப்பீடு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அட்டையை பீரோவில் வைத்துவிட்டு, என்றைக்காவது கடிதம் வரும் என்று இருப்பவர்களுக்கு அந்தச் சேவையால் இன்று பெரிய பயன் இல்லை. ஆனால் அதே அலுவலகம் காசு வாங்காமல் நடத்தும் தன்னார்வ பயிலும் வட்டம் (போட்டித் தேர்வுக்கான இலவச வகுப்பு), தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம், அப்புறம் தனியார்துறை வேலை இணையம் என்ற அரசு இணையதளம் எல்லாம் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாமலே கிடக்கின்றன. தெரிந்தவர்களும் ‘கார்டு புதுப்பிக்கிற இடம்தானே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கக் கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மதிப்பெண் கேட்டால் பதிவுக்கு 5க்கு 2, இணையத்துக்கு 3, முகாமுக்கு 3, பயிலும் வட்டத்துக்குத் தயங்காமல் 5.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2018இல் நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் இடம்பெற்றவை இரண்டே, விருதுநகரும் ராமநாதபுரமும். விருதுநகர் பக்கமாவது சிவகாசியும் ராஜபாளையமும் இருக்கின்றன. இங்கே மானாவாரி விவசாயம், குண்டு மிளகாய், கடல், கரிமூட்டம், பரமக்குடி தறி, ராமேஸ்வரம் லாட்ஜ், இவற்றைத் தாண்டினால் வளைகுடா நாட்டு வேலை. கடல் சார்ந்த வேலையும் ஆண்டு முழுக்கக் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது மீன் கம்பெனியிலும் ஐஸ் பிளாண்டிலும் ஆள் எடுப்பது அப்படியே நின்றுவிடும். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இருந்தது உண்மை, ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு பலகையைத் துடைப்பதற்குக்கூட இயந்திரம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் பி.காம். முடித்துவிட்டு, வீட்டில் உடம்பு முடியாத அம்மாவை விட்டு நகர முடியாமல் வேலை தேடியவள் நான். அதனால் ‘ஊரைவிட்டுப் போகலாம்’ என்பவர்களுக்கு ஒரு பதிலும் ‘போக முடியாது’ என்பவர்களுக்கு வேறு பதிலும் தேவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இணையத்தில் வேலை பற்றி அறிவுரை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

சரி, பதிவிலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போது இதற்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், புதிதாக முடித்த படிப்பைச் சேர்க்கலாம், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. முதுகலைப் பட்டமோ, பொறியியல், மருத்துவம் மாதிரி தொழிற்படிப்போ படித்தவர்கள் மாவட்ட அலுவலகத்தில் பதிய முடியாது, அவர்களுக்குச் சென்னையிலும் மதுரையிலும் தனி அலுவலகங்கள் இருக்கின்றன. இங்கே பதிந்த இளங்கலைப் பதிவு இங்கேயே இருக்கும், முதுகலைக்கு அங்கே தனியாகப் பதிய வேண்டும். இது தெரியாமல் எம்.ஏ. முடித்த பிறகும் பழைய பதிவை மட்டும் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பதிவுக்கு ஏன் 2 மட்டும்? காரணம் அலுவலகத்தில் இருப்பவர்கள் இல்லை, சட்டத்தின் அமைப்பே அப்படி. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அலுவலகத்திடம் பட்டியல் கேட்பதோடு நாளிதழிலும் விளம்பரம் கொடுத்து எல்லோரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்று சொன்னது. நியாயமான தீர்ப்புதான். அதன் பிறகு பதிவு மூப்பு, அதாவது முன்னால் பதிந்தவருக்கு முன்னுரிமை, என்பதன் எடை குறைந்துகொண்டே வந்தது, பெரும்பாலான அரசு வேலைகள் போட்டித் தேர்வுக்குப் போய்விட்டன. நம் அப்பா காலத்தில் ‘எம்ப்ளாய்மெண்ட் கார்டு வந்திருக்கு’ என்று தெருவே பேசியது. அந்த நினைப்பில் பெரியவர்கள் இன்றும் ‘பதிஞ்சு வெச்சிருக்கியாம்மா’ என்று கேட்கிறார்கள். பதிந்து வையுங்கள், விடாமல் புதுப்பியுங்கள், சில அறிவிப்புகளில் இன்றும் கேட்கிறார்கள், உதவித்தொகைக்கும் அதுதான் அடிப்படை. அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

உதவித்தொகை பற்றியும் சொல்ல வேண்டும். பதிந்து 5 ஆண்டு ஆகியும் வேலை கிடைக்கவில்லை என்றால் மாதம் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு 200, தேறியவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும், தொகையும் கூடுதல், 10 ஆண்டு வரை தருகிறார்கள். தகுதி இருப்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் 600 ரூபாய் இன்றைக்கு எதற்குக் காணும்? முதுகுளத்தூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு நேர்முகத்துக்கு நாலு தடவை வந்துபோய், சான்றிதழ் நகல் எடுத்து, மதியம் ஒரு சாப்பாடு சாப்பிட்டால் முடிந்தது. பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அது உண்மையிலேயே பெரிய உதவி, அதனால் மட்டும் வேலைக்குப் போக முடிந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் கமுதி, சாயல்குடி மாதிரி தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஏறுவது பெரும்பாலும் வெளியூர் பஸ், அதில் அந்தச் சலுகை இல்லை. வேலை தேடுபவர்களுக்கு நேர்முகம் அன்றைக்காவது பயணச் சலுகை கொடுத்தால், அந்த 600 ரூபாயைவிட உபயோகமாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம். 2020இல் கொரோனா நேரத்தில் ஆரம்பித்தது. ஆள் தேடும் நிறுவனமும் வேலை தேடுபவர்களும் இரண்டு பக்கமும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாவட்டம், படிப்பு, துறை என்று வடிகட்டிப் பார்க்கலாம். இதில் எனக்குப் பிடித்தது, விண்ணப்பிக்கவோ தொடர்பு எண்ணைப் பார்க்கவோ யாரும் பணம் கேட்பதில்லை, பதிந்த மறுநாளிலிருந்து காப்பீடு விற்க போன் வருவதும் இல்லை. மூன்று மட்டும் கொடுத்ததற்குக் காரணம், ராமநாதபுரம் என்று வடிகட்டினால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை, திருப்பூர் என்று மாற்றினால் பக்கம் பக்கமாக வரும். தொழிற்சாலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை இருக்கும், இணையதளம் என்ன செய்யும்! ஆனால் இங்கே இருக்கும் சின்ன முதலாளிகள் இதில் பதிவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை, தனியார் ஆஸ்பத்திரி, ஆடிட்டர் ஆபீஸ், மெட்ரிக் பள்ளி, நகைக்கடை, ராமேஸ்வரம் லாட்ஜ், இவர்கள் எல்லாம் ஆள் வேண்டும் என்றால் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள், இல்லையென்றால் வேலை செய்யும் பெண்ணிடம் ‘தெரிஞ்ச பிள்ளை யாராச்சும் இருந்தா சொல்லும்மா’ என்கிறார்கள். அந்தத் தகவல் கணினிக்கு வராத வரைக்கும் எந்த இணையத்திலும் நம் ஊர் வெறுமையாகத்தான் தெரியும். அதனால் உள்ளூரில் மட்டும் தேடுகிறவர்கள் இணையத்தில் பதிந்து வைத்துவிட்டு, நேரில் நடப்பதை நிறுத்தாதீர்கள். டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரிந்த பி.காம். என்றால் ஆடிட்டர் ஆபீஸ்களில் ஜூன், ஜூலை, செப்டம்பர் மாதங்களில் போய்க் கேளுங்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரம், கைகள் போதாது. லாட்ஜ் வரவேற்புக்கு இந்தி பேசத் தெரிந்தால் தனி மதிப்பு, வருகிற யாத்ரீகர்களில் வடக்கத்தியர்கள் அத்தனை பேர். உள்ளூர் சம்பளம் பெரும்பாலும் 7 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரத்துக்குள்தான் நான் கேட்டவரைக்கும் சொன்னார்கள், அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

தனியார் வேலை செயலிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் வருவது நுண்கடன் வசூல், காப்பீட்டு முகவர், டெலிவரி. நுண்கடன் வேலைக்குச் சொந்த பைக் வேண்டும், கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்கள் குழுவில் தவணை கேட்க வேண்டும், அந்த மனஅழுத்தம் எல்லோராலும் தாங்க முடியாது. சேருமுன் அந்த வேலையில் இருப்பவர் ஒருவரிடமாவது பேசிப் பாருங்கள்.

முகாமுக்கு வருகிறேன். மாவட்ட அலுவலக வளாகத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் சின்ன அளவில் நடக்கும். கல்லூரி மைதானத்தில், மண்டபத்தில் சனிக்கிழமை நடப்பது பெரிய முகாம். இரண்டும் வேறு வேறு மாதிரி. பெரிய முகாமில் கூட்டம் அதிகம், மைக் சத்தம், மாலை வரை நின்றாலும் ஒரு கம்பெனிக்காரரிடம் இரண்டு நிமிஷம் பேசினால் அதிகம். சின்ன முகாமில் சில நிறுவனங்கள்தான் வரும், ஆனால் உட்கார்ந்து பேசலாம், சந்தேகம் கேட்கலாம், அலுவலர்களே வந்து ‘அங்க பேசிட்டியாம்மா’ என்று விசாரிக்கிறார்கள். எனக்கு எப்போதும் சின்னதுதான் மேல் என்று தோன்றுகிறது, குறிப்பாக முதல் தடவை போகிறவர்களுக்கு.

வருகிற நிறுவனங்களில் பெரும்பாலானவை சென்னை, ஓசூர், கோவை பக்கத்து ஆலைகள், அல்லது அவர்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா அம்மா வருகிறார்கள். சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை, மேசைக்கு எதிரே இருந்த இளைஞரிடம் சம்பளத்தைக் கேட்கவே இல்லை. “தம்பி, ஹாஸ்டல்ல ராத்திரி வார்டன் இருப்பாங்களா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா யாரு பாப்பா, தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு விடுவீங்க” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த இளைஞரும் பொறுமையாகவே பதில் சொன்னார். எனக்கு அந்த வேட்டிக்காரரைப் பார்த்து மரியாதை வந்தது, ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பைத் திறந்தார்கள், அது மாதிரி முறையான விடுதி இருக்கும் வேலைக்கும், ஒப்பந்தக்காரர் எங்கோ வீடு பிடித்துப் பத்துப் பேரை அடைக்கும் வேலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சம்பளத்தில்தான் நிறையப் பேர் ஏமாற்றம் அடைகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். மேசையில் ‘18,000’ என்று சொன்னால் அது நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தமா, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளமா, கையில் வருவதா என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்., 21,000க்குள் சம்பளம் என்றால் முக்கால் சதவீதம் இ.எஸ்.ஐ., இந்த இரண்டும் போவது நல்லதுதான், போகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அதற்கு மேல் சாப்பாடு, தங்குமிடம், பஸ் என்று எவ்வளவு கழிப்பார்கள் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம் முக்கியமான கேள்வி, ‘நீங்கள் எடுப்பது கம்பெனி ரோலிலா (கம்பெனியின் நேரடி ஆளாகவா), ஒப்பந்தக்காரர் ரோலிலா, இல்லை அப்ரண்டிஸ்ஷிப்பா?’ அப்ரண்டிஸ் என்றால் அது பயிற்சி, உதவித்தொகைதான் தருவார்கள், பி.எஃப். கிடையாது, காலம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களுக்கு நல்ல கம்பெனியில் அப்ரண்டிஸ் கிடைத்தால் அனுபவச் சான்றிதழுக்காகவே போகலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு போய் ஓராண்டில் பெட்டியோடு திரும்பி வருவது வேறு விஷயம். ஒரு நிறுவனத்தின் ஆள், பெயர் வேண்டாம், முகாமில் இதைக் கேட்டதும் ‘அதெல்லாம் ஜாயின் பண்ணினப்புறம் சொல்வாங்க’ என்றார். பக்கத்தில் நின்ற பெண் “அக்கா, இதுல எழுதிக் குடுக்கலாமா?” என்று என்னைக் கேட்டாள். வேண்டாம்மா, அடுத்த மேசைக்குப் போ என்றேன். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சான்றிதழ் நகலைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எக்காரணம் கொண்டும் அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

முகாமுக்கு ஒரு மதிப்பெண் கூட்டியிருப்பேன், உள்ளூர் முதலாளிகளையும் அழைத்து வந்திருந்தால். பத்து கடை, நாலு ஆஸ்பத்திரி, இரண்டு பள்ளி, ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனி, ஒரு வெள்ளிக்கிழமைக்கு இவர்கள் வந்து உட்கார்ந்தாலே வெளியூர் போக முடியாத பெண்களுக்கு அந்த முகாம் உண்மையிலேயே முகாமாக இருக்கும்.

இப்போது பயிலும் வட்டம். இதைப் பற்றி எழுதும்போது நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். நூலகம் இருக்கிறது, மாதிரித் தேர்வு வைக்கிறார்கள், புகைப்படமும் ஆதார் நகலும் கொடுத்துப் பெயர் பதிந்தால் போதும். மதுரையிலோ சென்னையிலோ தனியார் பயிற்சி மையத்தில் சேர ஆயிரக்கணக்கில் கட்டி, விடுதிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இங்கே கருவேலங்காட்டுக்கு நடுவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, வகுப்பு முடிந்து சாயங்காலம் வீடு திரும்புகிற பிள்ளைகளுக்கு அதே பாடத்திட்டம் கிடைக்கிறது. வர முடியாதவர்களுக்குத் துறையின் மெய்நிகர் கற்றல் இணையதளத்தில் பாடக்குறிப்புகள் தமிழிலேயே இருக்கின்றன, பதிவிறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, கூடவே படிக்க ஆட்கள் கிடைக்கிறார்கள். வேலை இல்லாமல் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது வருகிற அந்தச் சோர்வு, சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி, இதையெல்லாம் அங்கே யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் அதே நிலைமை.

ஆனால் போட்டியின் அளவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2024 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலை 12இல் நடந்த தேர்வுக்கு முதல் அறிவிப்பில் 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் ‘இந்தத் தடவை இல்லைன்னா அடுத்த தடவை’ என்று ஐந்தாறு ஆண்டு வேறு எதையும் பார்க்காமல் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. படித்துக்கொண்டே ஒரு சின்ன வேலையும் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, நம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெரும்பாலானவர்கள் அதில் வருவார்கள். முதல் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேடவே ஒரு வாரம் ஆகும். அப்புறம் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்கவில்லை என்றால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் தமிழைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இனிமேல்தான் இருக்கிறது. நம் மாதிரி மாவட்டத்தில் உள்ளூரிலேயே, சில சமயம் சொந்த ஊரிலேயே கிடைக்கும் நிலையான வேலைகள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வருவதில்லை, தனித்தனித் துறைகள் நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ குடியிருக்க வேண்டும். 2025இல் மாநிலம் முழுக்க பணியாளர், உதவியாளர் எல்லாம் சேர்த்து 7,783 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பணியாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் 7,700, அதன் பிறகு சம்பள ஏற்ற முறைக்கு மாறும். உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஊதியம் 4,100, உழைப்புக்கு அது மிகக் குறைவு என்பது என் கருத்து. ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் (பொருளை எடைபோட்டுக் கட்டுபவர்) வேலைக்குக் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தன் இணையதளத்தில் விண்ணப்பம் வாங்கும். கடைசியாக நான் கவனித்த பெரிய அறிவிப்பு 2024 அக்டோபரில் வந்தது. விற்பனையாளருக்கு முதலாண்டு 6,250, பிறகு 8,600இலிருந்து 29,000 வரையிலான ஏற்ற முறை. எழுத்துத் தேர்வு கிடையாது. அஞ்சல் துறையின் கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்கும் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு, பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. கிளை அஞ்சல் அதிகாரி என்றால் 12,000இல் ஆரம்பிக்கும், அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், அஞ்சலகத்துக்கு இடமும் நீங்கள்தான் காட்ட வேண்டும். கிராம உதவியாளர் வேலைக்கு வட்டாட்சியர் அலுவலகம் அறிவிப்பு விடும். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் செவிலியர், ஆய்வக நுட்பநர், தரவு உள்ளீட்டாளர் என்று ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும், அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஆட்சேர்ப்புப் பகுதியில் வரும், நாள் குறைவாகத்தான் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல யாரும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒரே மாவட்டத்துக்குள் அஞ்சு துறை, அஞ்சு இணையதளம், அஞ்சு கடைசித் தேதி. சாயல்குடியில் இருக்கும் ஒரு பெண் அங்கன்வாடி வேலை வந்ததைத் தெரிந்துகொள்வது தேதி முடிந்த பிறகு. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், தன் வழியாக வராத வேலைகளையும் சேர்த்து வாரம் ஒருமுறை ஒரு தாள் ஒட்டினால், அதையே ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்துக்கும் அனுப்பினால், செலவு ஒன்றுமில்லை, பயன் எவ்வளவோ. அது நடக்கும்வரை நீங்களே வாரம் ஒரு நாள் இந்தத் தளங்களை வரிசையாகத் திறந்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததை ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். போட்டி கூடும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த வேலைகளுக்கு ‘ஆளைப் பார்த்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வேலை குறைவான இடத்தில்தான் இவர்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் தெருப் பெண் ஒருத்தியிடம் ஒரு தனியார் வேலை ஏஜென்சி, பதிவுக் கட்டணம், சீருடை முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று தவணை தவணையாக வாங்கிவிட்டு, கடைசியில் போன் எண்ணையே மாற்றிவிட்டது. அவள் அம்மா கம்மலை அடகு வைத்துக் கொடுத்த பணம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் உடனே 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

வளைகுடா பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே அவசியமானதை மட்டும். கீழக்கரை, தொண்டி பக்கம் யாரைக் கேட்டாலும் விவரம் சொல்வார்கள், ஆனால் உள்பகுதிக் கிராமத்துப் பையன்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் சட்டவிரோதம். முகவர் உரிமம் உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978இலிருந்து சென்னையில் இயங்குகிறது, முதலில் அங்கே கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கம்போடியா, மியான்மரில் ‘டேட்டா என்ட்ரி’ என்று கூட்டிப்போய் மோசடிக் கும்பலிடம் விட்டது நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நடந்திருக்கிறது.

முகாமுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக. தேதி அந்த வாரத்தில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஆட்சியர் அலுவலகச் செய்தியாக வரும், தனியார்துறை வேலை இணையத்திலும் போடுவார்கள், அதிலேயே முன்பதிவும் செய்துகொள்ளலாம். பொதுவாகக் காலை 10 மணிக்கு ஆரம்பிக்கும். அரை மணி முன்னால் போனால் எந்தெந்த நிறுவனம் வந்திருக்கிறது என்று பலகையைப் படித்துவிட்டு, யாரிடம் பேசுவது என்று முடிவுசெய்துகொண்டு உள்ளே போகலாம். சான்றிதழ் நகல்கள், சுயவிவரம் நாலைந்து பிரதி, புகைப்படம், ஆதார் நகல், ஒரு பேனா. அசல்கள் காட்டுவதற்கு மட்டும். கூட வருகிற அப்பா அம்மாவையும் உள்ளே அழைத்துப் போங்கள், யாரும் தடுப்பதில்லை. முகாம் முடிந்ததும் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்காமல், அதே வளாகத்தில் பயிலும் வட்டம் எந்த அறையில் நடக்கிறது என்று கேட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.